கற்பித்தலுக்கு ஐந்து புள்ளி

ஏழு வருடங்களாக ஒரே விஷயத்தைத்தான் படிப்பித்து வந்தேன். ஒரு நிறுவனம் நல்ல ஊழியரை எப்படித் தேடிப் பிடிக்க வேண்டும், பிடித்தவரை எப்படிக் கைநழுவ விடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதே அது. பாடத்தின் பெயர் மனிதவள முகாமைத்துவம். அந்த ஏழு வருடமும் என் பதவியின் பெயர் தற்காலிக உதவி விரிவுரையாளர்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கு ஒரு கடிதம் தருவார்கள். ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இரண்டு நாள் இடைவெளி விடுவார்கள். தொடர்ச்சியாக வேலை செய்தேன் என்று பிற்காலத்தில் நான் உரிமை கேட்டுவிடக் கூடாதாம். அந்த இரண்டு நாளும் சட்டப்படி நான் அங்கே யாருமில்லை. ஆனால் வகுப்பு நேரசூசிக்குச் சட்டம் தெரியாது. ஒரு தடவை அப்படிப்பட்ட ஒரு நாளில் 'ஊழியரைத் தக்கவைத்தல்' என்ற பாடம் வந்து விழுந்தது. வேலையில் இல்லாத நான், ஊழியரை வேலையில் தக்கவைப்பது எப்படி என்று இரண்டு மணித்தியாலம் நின்று விளங்கப்படுத்தினேன். பிள்ளைகள் அக்கறையாகக் குறிப்பெடுத்தார்கள். பரீட்சையிலும் அந்தக் கேள்விக்குத்தான் நன்றாக எழுதியிருந்தார்கள்.

நான் வேலை செய்யும் இடம் வன்னியில் இருக்கிறது. அதற்கு மேல் அடையாளம் சொல்ல எனக்குத் துணிவில்லை. வீடு கனகராயன்குளத்துக்கு உள்ளே, வாய்க்கால் பக்கம். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்தில் இருந்து காணிக்காக வந்து குடியேறியவர்கள். இன்றைக்கும் வயல்தான். நான் முதுமாணிப் பட்டம் எடுத்தபோது அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நான்காவது தற்காலிகக் கடிதத்துக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். ஒருநாள் நெல் அரிவி வெட்டும் மெஷின் வருமென்று வரம்பில் காத்துக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"பிள்ளை, நீ அங்க என்னதான் படிப்பிக்கிறாய்?"

"ஆக்களை எப்பிடி வேலைக்கு எடுக்கிறது எண்டு அப்பா."

"ஆருக்கு?"

"பெடியளுக்கும் பெட்டையளுக்கும்."

"உன்னை வச்சிருக்கிறவையும் அந்த வகுப்பில வந்து இருக்கலாமே?"

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே ஒரு யோசனையாகத்தான் சொன்னார். மெஷின் வந்துவிட்டதால் நான் தப்பினேன்.

எட்டாவது வருடத் தொடக்கத்தில் நிரந்தர விரிவுரையாளர் ஒருவரை எடுப்பதற்கு விளம்பரம் வந்தது. நானும் விண்ணப்பித்தேன். அடுத்த கிழமை துறைத்தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கணக்கியல்காரர். நல்ல மனிதர். கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்பார். கேட்டால் மறுக்க முடியாதபடிதான் கேட்பார்.

"பிள்ளை, நேர்முகத் தேர்வுக்கு ஒரு புள்ளித்திட்டம் வேணும். எதுக்கு எத்தினை புள்ளி எண்டு வடிவாப் பிரிச்சு ஒண்டு போட்டுத் தாங்கோ."

"சேர், அந்த வேலைக்கு நானும் விண்ணப்பிச்சிருக்கிறன்."

"அது தெரியும். ஆனா இஞ்ச மனிதவளம் படிச்சவை வேற ஆர் இருக்கினம்?"

"நான் போட்டா அது சரியோ சேர்?"

"நீங்கள் நேர்மையாப் போடுவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்."

இந்த ஒரு வசனத்தில் நான் விழுந்தேன். நேர்மையானவள் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதை நிரூபிக்காமல் எனக்கு நித்திரை வராது. மூன்று நாள் மினக்கெட்டேன். கலாநிதிப் பட்டத்துக்கு முப்பது, வெளிநாட்டு ஆய்விதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு முப்பது என்று தொடங்கி, ஆங்கிலம், தலைமைத்துவம், ஆளுமை என்று நிரப்பிக்கொண்டே போனேன். கற்பித்தல் அனுபவம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. எனக்கு அள்ளிக் கிடைக்கக்கூடியது அது ஒன்றுதான். அதற்கு இருபது போட்டால், தனக்குத் தானே போட்டுக்கொண்டாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லலாம். அனுபவத்தை மட்டும் வைத்து ஒருவருடைய திறமையைக் கணிக்க முடியாது என்று நானே வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். ஆகவே ஐந்து போட்டேன்.

துறைத்தலைவர் வாசித்துப் பார்த்தார். "நல்ல நடுநிலையா இருக்குது" என்று சொல்லிக் கீழே தன் கையெழுத்தை வைத்தார்.

நேர்முகத் தேர்வு நாளன்று துறை அலுவலகத்து எழுதுவினைஞர் விடுமுறையில் நின்றார். வெளியில் இருந்து இரண்டு பேராசிரியர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் ஒழுங்கு செய்தது, மின்விசிறியைத் திருப்பி வைத்தது, புள்ளித்திட்டத்தின் பிரதிகளை மேசையில் அடுக்கியது எல்லாம் நான்தான். பிறகு வெளியே போய், முகத்தைக் கழுவி, சேலையைச் சரிசெய்து, கதவைத் தட்டி, 'உள்ளே வரலாமா' என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். பத்து நிமிடத்துக்கு முன் சீனி போதுமா என்று கேட்டவளை அவர்கள் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

விண்ணப்பதாரிக்குரிய கதிரையில் இருந்து பார்த்தால் அந்தத் தாள் தலைகீழாகத் தெரிந்தது. நான் தட்டச்சு செய்த எழுத்து அல்லவா, தலைகீழாகவும் வாசிக்க முடிந்தது.

ஒரு பேராசிரியர் என் ஆய்வுக் கட்டுரையைப் பற்றிக் கேட்டார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் ஏன் அடிக்கடி விலகுகிறார்கள் என்று எழுதியிருந்தேன். "இது எந்த ஆய்விதழில் வந்தது?" என்றார். உள்ளூரில் என்றேன். "ஓ" என்றார். அந்த 'ஓ' எத்தனை புள்ளி என்று எனக்குத் தெரியும், நானே பிரித்தது. மற்றவர் தாளைத் தட்டிப் பார்த்து, "இந்தப் புள்ளித்திட்டம் மிக நேர்த்தியாக இருக்கிறது. யார் தயாரித்தது?" என்று கேட்டார்.

"துறையில எல்லாருமாச் சேர்ந்து செய்தம்" என்றார் துறைத்தலைவர். என்னைப் பார்க்காமல் ரோல்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டார். கற்பித்தலைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. ஐந்து புள்ளிக்காக யார் நேரத்தைச் செலவழிப்பார்கள்?

எனக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. முதலாவதாக வந்தவர் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்துவிட்டு வந்த இளைஞர். அவரை வெறுப்பதற்கு நான் முழு ஆயத்தத்தோடு இருந்தேன். அவர் அதற்கு இடம் தரவில்லை. முதல் நாளே என் மேசைக்கு வந்து, "அக்கா, நான் இதுவரைக்கும் வகுப்பு எடுத்ததேயில்லை. உங்கட குறிப்புகளைத் தருவீங்களோ?" என்று கேட்டார். என்ன செய்ய? ஏழு வருடக் குறிப்புகளை அப்படியே கொடுத்தேன். பாடம் அவருக்குப் போனது. அவருடைய பாடத்துக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கும் உதவியாளராக நான் ஆனேன். என் குறிப்பை அவர் வாசிப்பார், பிள்ளைகளுக்கு விளங்காது. பிறகு என்னிடம் வருவார்கள், நான் விளங்கப்படுத்துவேன். துறைத்தலைவர் இதைக் குழுவாக வேலை செய்யும் பண்பாடு என்று பீடக் கூட்டத்தில் புகழ்ந்தார்.

ஆனால் ஆய்வில், என்னை அக்கா என்று கூப்பிட்ட அந்தத் தம்பி கெட்டிக்காரர். ஊழியர்கள் தங்கள் வேலையில் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் என்பது அவருடைய துறை. முல்லைத்தீவுக் கரையோர மீனவர் சங்கம் ஒன்றில் தரவு எடுக்க வேண்டும் என்றார். ஆட்களோடு கதைக்கத் தெரியாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆங்கிலத்தில் இருந்து மொழிபெயர்த்த வினாக்கொத்து. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. ஒன்று என்றால் முற்றாக மறுக்கிறேன், ஐந்து என்றால் முற்றாக உடன்படுகிறேன்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மீனவரிடமும் அவருடைய மனைவியிடமும் போய் இருந்தோம். தம்பி வாசித்தார்.

"என்னுடைய மேற்பார்வையாளர் என் கருத்துக்கு மதிப்பளிக்கிறார்."

"மேற்பார்வையாளர் எண்டா ஆர் தம்பி?" என்றார் மீனவர்.

"உங்களுக்கு மேல இருந்து உங்கட வேலையைப் பாக்கிறவர், அண்ணை."

மீனவர் வலையை மடியில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். "அவர் மதிக்கிறார் எண்டுதான் நினைக்கிறம். ஆனா போன கிழமை காத்தை எழுப்பிவிடேக்க எங்களிட்ட ஒரு கதையும் கேக்கேல்லை."

"பாவம் சேத்துக் கொள்ளாதையுங்கோ" என்று மனைவி அதட்டினார். "ஐஞ்சு போடுங்கோ தம்பி."

"ஐஞ்சு கூடிப்போச்சு. மூண்டைப் போடும்" என்றார் மீனவர்.

மூன்று என்றால் உடன்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தம்பி மூன்றைச் சுற்றி வட்டம் போட்டார். தாளை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை, சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். இல்லை, திரும்பி வரும் வழியில் கவலையோடு கேட்டார், "அக்கா, இதைத் தரவு எண்டு போடலாமோ?" போடலாம் என்று நான் சொல்லவில்லை. போடக்கூடாது என்றும் சொல்லவில்லை. நானும் மூன்று போட்டேன்.

கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. வடபகுதிக் கடற்தொழிலாளர் மத்தியில் மேற்பார்வையாளருடனான உறவு மிதமான நிலையில் இருப்பதாக அதில் நிறுவப்பட்டிருந்தது. கடைசியில், களப்பணியில் உதவிய அலுவலர் ஒருவருக்கு நன்றி தெரிவித்திருந்தார். அந்த அலுவலர் நான்.

அந்தக் கட்டுரையின் பலத்தில் அவருக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை கிடைத்தது. தவணை நடுவில் விலகல் கடிதம் கொடுத்தார். விலகிப் போகிற ஊழியரை உட்கார வைத்து ஏன் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. துறைத்தலைவர் புத்தகத்தை மதிப்பவர். அந்த நேர்காணலைச் செய்யச் சொல்லி என்னிடம் தந்தார். தற்காலிக ஊழியர் ஒருத்தி, நிரந்தர ஊழியரிடம் ஏன் நிரந்தரத்தை விட்டுப் போகிறீர்கள் என்று படிவம் வைத்துக் கேட்டேன்.

தம்பி படிவத்தைப் பார்க்கவில்லை. "உண்மையைச் சொல்லட்டோ அக்கா? எனக்கு வகுப்பெண்டாப் பயம். காலமை வகுப்பெண்டா முதல் நாளே சாப்பாடு இறங்காது. பிள்ளையள் என்னை ஒரு மாதிரிப் பாக்குதுகள். அதுகளில பிழையில்லை."

"இதை நேர்முகத்தில சொல்லியிருக்கலாமே?"

"ஆர் கேட்டவை? கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன். அவை படிப்பிக்கிறதைப் பற்றி ஒண்டுமே கேக்கேல்லை. அப்ப அது பெரிய விஷயமில்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

எழுதிக்கொண்டிருந்த நான் நிறுத்தினேன். அது பெரிய விஷயமில்லை என்று அந்த மேசையில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எது என்று எனக்குத் தெரியும். என்னை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நான் போட்ட ஐந்து. அதனால் எனக்கு நிரந்தர வேலை கிடைக்காமல் போனது மட்டும் என்றால் பரவாயில்லை, அதை வைத்து என்னைத் தியாகி என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு நாளும் சுகமாக இருந்தேன். இந்தத் தம்பி ஒரு வருடம் சாப்பிடாமல் வகுப்புக்குப் போனதையும், ஒரு தொகுதிப் பிள்ளைகள் பாதி விளங்கிப் படித்ததையும் நான் கணக்கில் எடுக்கவேயில்லை.

"அந்தப் புள்ளித்திட்டம் நான் போட்டது தம்பி" என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். "அப்ப எனக்கு வேலை தந்தது நீங்களோ?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படிவத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று எழுதி முடித்தோம்.

மீண்டும் விளம்பரம் வந்தது. மீண்டும் துறைத்தலைவர் கூப்பிட்டு, கதிரையில் இருக்கச் சொன்னார்.

"பிள்ளை, அந்தப் புள்ளித்திட்டத்தைக் கொஞ்சம் புதுப்பிச்சு..."

"நான் போடமாட்டன் சேர்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். நான் மறுத்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கும் அப்படித்தான்.

"அப்ப ஆர் போடுறது?"

"விண்ணப்பிக்காத ஒராள். போடுறவையிட்ட ஒண்டு சொல்லுங்கோ. வாறவையைப் பிள்ளையளுக்கு முன்னால ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லிப் பாருங்கோ. அதுக்குக் கனக்கப் புள்ளி போடுங்கோ."

"அது உங்களுக்குச் சாதகமாப் போகுமே?"

"ஓம் சேர், போகும். ஏனெண்டா எனக்குப் படிப்பிக்கத் தெரியும்."

என் யோசனையைத் துறைத்தலைவர் பெரிதும் வரவேற்று, ஆராய்வதற்கு ஒரு குழுவுக்கு அனுப்பினார். அந்தக் குழு இன்னும் கூடவில்லை. நேர்முகத் தேர்வுக்குப் பழைய தாளையே, மேலே இருந்த வருடத்தை மட்டும் மாற்றி, அவரே கொண்டுவந்து வைத்தார்.

அந்த முறை நாங்கள் இரண்டு பேர்தான் விண்ணப்பித்திருந்தோம். மற்றவர் வரவில்லை. அவருக்கும் எங்கேயோ வெளியில் கிடைத்துவிட்டதாம். அப்படியாக, அந்த வளாகத்தில் அன்றைக்கு வந்திருந்தவர்களுள் மிகத் தகுதியானவளாக நான் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டேன். தேத்தண்ணியைக்கூட வேறு யாரோதான் கொண்டுவந்து தந்தார்கள்.

நியமனக் கடிதத்தில் புதிய விரிவுரையாளர்கள் எல்லோரும் கற்பித்தல் பயிற்சி நெறி ஒன்றைக் கட்டாயம் முடிக்க வேண்டும் என்று இருந்தது. போனேன். பட்டம் முடித்து நேற்று வந்த பிள்ளைகளோடு வரிசையில் இருந்து, வகுப்பறைக்குள் எப்படி நுழைவது, வெண்பலகையில் எந்தப் பக்கம் இருந்து எழுதுவது என்று படித்தேன். கடைசி நாளில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். நான் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில், பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் போனை வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பத்து நிமிடம் இருபத்தைந்தாகப் போனது.

பயிற்றுநர் என் தாளில் கருத்து எழுதித் தந்தார். நல்ல குரல். நேர முகாமைத்துவம் போதாது. அனுபவத்தோடு சீராகும்.

அந்தத் தாளைக் கவனமாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் எடுக்கப் போனேன்.