சாயாச் சீனியும் நீலக் கரைசலும்

கெட்டுப்போன குளுக்கோஸின் வாடை உங்களுக்குத் தெரியுமா? மழைக்காலத்தில் டப்பாவுக்குள் நீர்கோத்து, கட்டிபிடித்து, செத்த எறும்புகளோடு சேர்ந்து புளித்த அந்த வாடை, அருமனைப் பக்கத்து எங்கள் பள்ளியின் ஆய்வகப் படியேறும்போதே மூக்கில் அறையும். இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

பிளஸ் டூ செய்முறை வகுப்புக்காக அந்தக் குளுக்கோஸைக் கரண்டியால் குத்திப் பெயர்த்து, தண்ணீரில் கரைத்து, மிதக்கும் எறும்புகளைக் கைக்குட்டையில் வடிகட்டி, சாயாவுக்குச் சொல்வதுபோல் "கடுப்பம்" கூட்டியும் குறைத்தும் மூன்று பீக்கர்களில் கரைசல் வைப்போம். சர்க்கரை நோயாளியின் சிறுநீர் என்று அதற்குப் பெயர். பெனடிக்ட் என்னும் நீலத் திரவத்தை விட்டுக் காய்ச்சினால், சர்க்கரைக்குத் தக்கபடி அது பச்சையாகவோ மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ மாறும். பிசுபிசுத்த விரல்களை எத்தனை முறை கழுவினாலும் மத்தியானம் சோற்றில் கைவைக்க அருவருப்பாக இருக்கும்.

அதைவிட அருவருப்பு எங்கள் சார். சோதனைக்குழாய் காய்ச்சும் விளக்கிலேயே பீக்கரை வைத்துச் சாயா போட்டு, உறிஞ்சி உறிஞ்சிக் குடித்துக்கொண்டே பாடம் நடத்துவார். பெனடிக்ட் குப்பிக்குப் பக்கத்திலேயே அவருடைய சாயாச் சீனியும் இருக்கும்.

அந்த ஆண்டு எனக்கு அடங்காத தாகம். ரப்பர் தோட்டம் தாண்டிப் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் குப்பியில் கொண்டுவந்த "வெள்ளம்" தீர்ந்துவிடும். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்தியிருந்தேன். வகுப்பில் அடிக்கடி எழுந்து வெளியே போகக் கேட்பேன். பரீட்சைப் பயம் என்றாள் அம்மா. ஒருநாள், சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் மாறாது என்பதைக் காட்ட நிஜமான சிறுநீர் வேண்டும் என்று சொன்ன சார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏட்டி, நீதானே எப்பவும் வெளிய ஓடுற. நீயே கொண்டு வா."

பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். செய்முறை மதிப்பெண் அவர் கையில் இருந்தது. கூனிக்குறுகிக் கொண்டுவந்து கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் அதைக் காய்ச்சினார். நாங்கள் கலக்கிய எந்தக் கரைசலையும்விட அழுத்தமான செங்கல் நிறம் வந்தது.

"என் சாயாச் சீனியக் கலக்கிட்டு என்னையே கோட்டிக்காரனாக்கப் பாக்குதியா? உனக்கு மார்க்கு கிடையாது, பாத்துக்க."

மதிப்பெண் இல்லையென்றால் பிளஸ் டூவே போச்சு. நான் அழுதுகொண்டிருக்கும்போதே, பக்கத்தில் உட்காரும் ரஹ்மத் எழுந்துபோய், யாரையும் கேட்காமல் அந்தச் சாயாச் சீனியில் ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்து, நீலத்தை விட்டுக் காய்ச்சினாள். கொதித்துக்கொண்டே இருந்தது, நீலம் நீலமாகவே நின்றது. இந்தச் சோதனையில் சீனிக்கு நிறம் மாறாது, குளுக்கோஸுக்குத்தான் மாறும் என்று எங்களுக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான். குளுக்கோஸ் கரைசல்களோ வகுப்பு தொடங்கியதிலிருந்து அவர் கண் முன்னாலேயே இருந்தன.

"சீனி மாறல்லியே சார்," என்றாள். பிறகு என் காதோடு, "எங்க வாப்பாக்கும் இதேபோல மெலிஞ்சுதான் சுகர் வந்துச்சு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ மக்கா."

சார் சாயாவை ஊதிக் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பிள்ளைக்கு போதம் போயிருக்கும்," என்று அன்று சாயங்காலம் டாக்டர் அம்மாவிடம் சொன்னார். ஊசி போடப் பழகி நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று, காலைக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த சார், தாமே சோதித்து ஒரு மாணவியின் உயிரைக் காப்பாற்றியதாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். புளித்த குளுக்கோஸ் வாடை என் தொண்டைக்குள்ளிருந்தே கிளம்பியது. "இங்க சத்தி எடுத்துராத," என்று ரஹ்மத் என் வாயைப் பொத்தினாள்.

இப்போது என் மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். ஆய்வகத்தில் அந்த எறும்பு டப்பா இல்லை. காகிதக் கீற்றை முக்கினால் போதுமாம். சாரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவருடைய பொய் மட்டும் போகவில்லை.

"அம்மா, பண்டு எங்க ஸ்கூல்ல ஒரு சாரு ஒரு பிள்ளைய டெஸ்ட் பண்ணிக் காப்பாத்தினாராம், தெரியுமா?" என்று நேற்று கேட்டாள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியும் கையுமாக இருந்த எனக்கு வாயில் முதலில் வந்தது "சீ" என்பதுதான்.

"சாரு இல்ல மக்கா. வருஷா வருஷம் துபாயில இருந்து சாக்லேட் கொண்டு வந்து, எனக்கு மட்டும் தராத ஒரு ஆன்ட்டி உண்டுல்லா? அவதான். நாளைக்கு அங்க போய் அவ பேரச் சொல்லு."