எட்டாம் நாள் காய்ச்சல்

காய்ச்சலை மறைப்பதற்காக வாயில் ஐஸ்கட்டியை ஒளித்து வைத்தவன் நான். அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் காய்ச்சல் என்று நடிக்கும் பிள்ளைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காய்ச்சலை வைத்துக்கொண்டு சுகமாக இருப்பதாக நடித்த கிழட்டுப் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? இதோ, பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் குடலில் புற்றுநோய். மூன்றாவது தடவை மருந்து ஏற்றிக்கொண்டு குண்டசாலை வீட்டுக்கு வந்திருந்தேன். அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் நுனியில் ஊசி குத்தும். ஃபிரிட்ஜைத் திறக்கக் கையில் காலுறை மாட்டிக்கொள்வேன். முதல் வாய்ச் சோற்றில் தாடை இழுக்கும். பருப்பும் சம்பலும் தகரத்தை நக்கியது போலிருக்கும்.

"ஒன் சமையல்ல இருந்த கொறையெல்லாம் இப்பத் தெரியவே இல்ல" என்பேன் என் மனைவி பத்மாவிடம்.

"வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகல" என்பாள்.

தலைமுடி கொட்டவில்லை. அதனால் அக்கம்பக்கத்தில் பாதிப்பேர் என் நோயை நம்பவேயில்லை. அதிலும் எனக்கு ஒரு ஏமாற்றம்!

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "காய்ச்சல் வந்தா பெனடோல் போட்டுட்டுப் படுத்துறாதீங்க. நேரா இங்க வாங்க. ஒடம்புல எதிர்க்கிற சக்தி இல்ல." அதற்காகவே பத்மா காலையிலும் மாலையிலும் என் நாக்கின் கீழே தெர்மாமீட்டரை வைத்துப் பார்ப்பாள்.

மருந்து ஏற்றிய எட்டாம் நாள், மஹய்யாவயில் என் தங்கை செல்வியின் மகள் சுபாவுக்கு வயதுக்கு வந்த சடங்கு. நான் ஒரே தாய்மாமன். சீர்த்தட்டோடு போய் முதல் மாலையை நான்தான் போடவேண்டும்.

"ஏலாட்டி வராத அண்ணே. சித்தப்பா மகன் சேகர் போடட்டும்" என்று செல்வி நல்ல மனதோடுதான் சொன்னாள்.

சேகரா? நோய் என் குடலில் ஒரு முழத்தைக் கொண்டுபோயிற்று. ருசியைக் கொண்டுபோயிற்று. தாய்மாமன் இடத்தையும் தூக்கிச் சேகரிடம் கொடுக்கவேண்டுமா? பாசம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். முக்கால்வாசி வீம்பு.

எட்டாம் நாள் விடியும்போதே நடுங்கியது. எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பெனடோலை விழுங்கினேன். பத்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டேன். உடைந்த கண்ணாடியை மென்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தொண்டை இறுகிக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் துப்பவில்லை.

பத்மா தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நல்லாருக்கு. போய்ட்டு ஒடனே வந்துருவோம்."

பட்டு வேட்டி கட்டி, த்ரீவீலில் மண்டபத்துக்குப் போய் இறங்கினேன். சீர்த்தட்டு முன்னால் போக நான் நிமிர்ந்தே நடந்தேன். மாலையைச் சுபாவின் கழுத்தில் போட்டேன். சேகர் ஓரமாக நின்று கைதட்டினான். அந்த ஒரு நிமிடம் எனக்கு நோயே இல்லை... அதற்கடுத்து நான் பார்த்தது மண்டபத்துக் கூரையை. மணவறைப் பலகையிலிருந்து குதித்து வந்து என் தலையைத் தாங்கியது சுபா என்று பின்னால் சொன்னார்கள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். "காய்ச்சல் எப்போது தொடங்கியது?" என்று கேட்டார். மண்டபத்தில்தான், திடீரென்று என்றேன்.

பத்மா பழைய தெர்மாமீட்டரைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். "நான்தான் சரியாப் பாக்கல" என்று இன்றும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஐஸ்கட்டியை மறைத்த அதே வாய்தான். திறப்பதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள்? நீங்களே சொல்லுங்கள்.

போனதற்கு வருந்துகிறேனா? இல்லை. அந்த மாலையை இன்னொரு தடவை போடச் சொன்னாலும் போடுவேன். மருந்தும் நோயும் சேர்ந்து என்னைக் கட்டிலில் கட்டிப்போட நான் சம்மதிக்க மாட்டேன். அப்படித்தான் மார்தட்டிக்கொண்டிருந்தேன், ஒரு மாதம் கழித்துச் சுபா என்னைப் பார்க்க வரும்வரை.

செல்வியும் பத்மாவும் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார்கள். சுபா என் எதிரே கதிரையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் மட்டும் ஐஸ்கட்டிக் கதையைச் சொன்னேன். தாடையை இழுத்துக் கண்ணை உருட்டி நடித்தும் காட்டினேன்.

"எல்லாம் ஒனக்காகத்தான் மருமகளே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க செத்திருந்தா, இவ வயசுக்கு வந்த நேரம் மாமாவ முழுங்கிருச்சுன்னு ஆயுசுக்கும் என்னத்தான் சொல்லியிருப்பாங்க மாமா. நீங்க நிம்மதியாப் போயிருப்பீங்க."