அம்மி ஏறிய ஆட்டோ

எங்கள் ஆட்டோவின் பின்பக்க ஷொக் அப்சோபர் இரண்டும் செத்துப்போய்விட்டன என்பதை என் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டது, எங்கள் பள்ளிக்கூட அதிபரின் பல்செட் பறந்த அன்றுதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய ஆட்டோவை வாங்கி, கடைவீதிக்கும் தோட்டங்களுக்கும் இடையே ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறினால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தனித்தனியாகத் தெரியும். கேட்டால் "ரோடு சரியில்ல" என்பார். நல்ல தார் ரோட்டிலும் அப்படித்தான் இருக்கிறதே என்றால், "டயர்ல காத்து கூட" என்பார்.

அன்று அதிபரும் நானும் ஆட்டோவில் ஒன்றாக வந்தோம். கல்விக் கந்தோர் அதிகாரிகளிடம் பேச வேண்டியதை அவர் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். "ஆகவே" என்று வாயைத் திறந்தபோது பின் சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியது. மேல் பல்வரிசை அப்படியே வெளியே பாய்ந்து தேயிலைக்குள் போய்விட்டது.

மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வந்து தேடினார்கள். ஒரு அம்மா கண்டெடுத்து, தலையில் போட்டிருந்த துண்டில் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாகக் கொடுத்தார். அதிபர் தலையை மட்டும் அசைத்து வாங்கிக்கொண்டார். மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் கழுவி மாட்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

"தம்பி, ரோட்டுல ஒண்ணும் பிழையில்ல."

அடுத்த வாரமே என் வீட்டுக்காரர் கொழும்புக்கு ரயிலேறி, இரண்டு ஷொக் அப்சோபர்களை மாவுச் சாக்கில் சுற்றி, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேலை தொடங்கியது. வண்டியை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். கீழ்ப்பக்க போல்ட் துருப்பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டி, மறுபடி ஊற்றி, மத்தியானம்வரை மல்லுக்கட்டினார். தேய்ந்த றப்பர் புஷ்களுக்குப் பதிலாகப் புதியவற்றை உள்ளே தள்ள, நான் துணி துவைக்க வைத்திருந்த சவர்க்காரத்தில் பாதி போனது.

கழற்றிய பழைய ஷொக்கைக் கையால் அமுக்கிக் காட்டினார். அமுங்கியது. அமுங்கியபடியே இருந்தது.

"மூச்சே இல்ல பாரு."

பிறகு புதியதைத் தரையில் நிறுத்தி, என் தோளைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறி நின்றார். அது ஒரு நூலளவுகூட இறங்கவில்லை.

"இதுதான் ஷொக்கு," என்றார். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். ஆனால் மெஷின் பழுதுபார்த்தவரிடம் கணக்கு டீச்சர் என்ன சொல்வது?

பூட்டி முடித்து, தனியாகக் கடைவீதிவரை ஓட்டிப் பார்க்கப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். முதல் குழியில் பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. இரண்டாவது குழியில் அவருடைய தொப்பி எழும்பியது. திரும்பி வந்தபோது தொப்பி இல்லை.

"கொஞ்சம் குதிக்குது," என்றார்.

அட்டனில் லொறி திருத்தும் மெக்கானிக் ஒருவர் இருந்தார்; எல்லாரும் பாஸ் என்பார்கள். சிங்களவர், தமிழும் நன்றாகப் பேசுவார். குனிந்து பார்த்துவிட்டு உடனே சொல்லிவிட்டார். "இது ஆள் ஏத்துற வண்டிக்கு உள்ளது இல்ல. சாமான் ஏத்துற ஆட்டோவுக்கு உள்ளது. பின்னால பாரம் இல்லாட்டி குதிக்கும்தானே."

பூட்டிய சாமானைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். சரியான ஜோடி கிடைத்தால் சொல்லியனுப்புவதாக பாஸ் சொன்னார். அதுவரை பாரத்துக்கு ஒரு வழி வேண்டும். மூன்று பேர் ஏறினால் வண்டி ஒழுங்காகத்தான் போனது. ஆளை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும்போதுதான் பேய் பிடித்த மாதிரி ஆடியது. அதனால் அவர் முதலில் பயன்படுத்திய பாரம் நான்.

பள்ளிக்கூடம் விட்டதும் பின் சீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டே மலை மலையாகப் போய்வந்தேன். நான் போட்ட சரி அடையாளங்கள் எல்லாம் பக்கத்து விடைக்குப் பாய்ந்திருந்தன. இரண்டாவது வாரம் சாப்பிடும்போது அவர் மெதுவாகச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கயேன்."

"எதுக்குங்க?"

"ஒடம்புக்கு நல்லதுதானே."

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. ஆட்டோவிலும் ஏறவில்லை.

பிறகு மணல் மூட்டை வைத்துப் பார்த்தார். மழையில் ஊறி, தோட்டத்து மருத்துவிச்சியின் வெள்ளைச் சேலையில் செந்தண்ணியை வடித்தது. ஆற்றுக் கல் ஒன்றை வைத்தார். அது வளைவுகளில் உருண்டு ஆட்களின் கணுக்காலைத் தேடிப் போனது. கடைசியில் ஒரு சனிக்கிழமை, கொடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால், கொல்லையில் கிடந்த என் அம்மியைக் காணவில்லை.

சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் அதை நிமிர்த்திக் கட்டியிருந்தார். பெயின்ட் உரசாமலிருக்க என் பழைய மஞ்சள் சேலையைச் சுற்றியிருந்தார். வண்டி அன்றிலிருந்து குதிக்கவில்லை. நான் பக்கத்து வீட்டு அம்மியில் சம்பல் அரைத்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அம்மியின் நெற்றியில் குங்குமம் இருந்தது. நெற்றி என்று நான் சொல்வது மேல் ஓரத்தை. யார் வைத்தார்கள் என்று தெரியாது. அடுத்த வாரம் ஒரு முழம் கதம்பம். நான் வருஷக்கணக்காக அரைத்து நடுவில் விழுந்திருந்த குழியைக் காட்டி, "ஆத்தா மடி" என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். நாங்கள் கத்தோலிக்கர். என் வீட்டுக்காரர் அதைச் சாமி என்று யாரிடமும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, பின்னால் எட்டிப் பார்த்து, "மே மொகத?" என்று கேட்டார், இது என்ன என்று. இவர் பயத்தில் உண்மையைச் சொன்னார். "மிரிஸ் கல, சேர்." மிளகாய் அரைக்கிற கல் என்று தெளிவாகத்தான் சொன்னார். பொலிஸ்காரர் குங்குமத்தையும் பூவையும் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வண்டியை நிறுத்தியதே இல்லை.

அப்புறம் பங்குச் சாமியார் ஏறினார். மேல் தோட்டத்தில் சாகக் கிடந்த ஒருவருக்கு நற்கருணை கொண்டுபோகிற அவசரம். உள்ளே ஏற்கனவே இருந்த அம்மா ஒருவர் நகர்ந்து இடம்விட்டுச் சொன்னார், "சாஞ்சு உக்காராதீங்க சாமி. பின்னால சாமி இருக்காங்க."

சாமியார் திரும்பிப் பார்த்தார். தோட்டம் வரும்வரை முதுகு நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் கோயில் வாசலில் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இது பாவமா என்று கேட்டேன்.

"அம்மிய எடுத்துட்டா வண்டி குதிக்குமா?"

"குதிக்கும் சாமி."

"எனக்கு இடுப்பு வலி இருக்கு டீச்சர். வேற ஷொக்கு வர்றவரைக்கும் இருக்கட்டும்."

ஷொக் வருவதற்கு முன் தோட்டத்து இந்துக் கோயில் கமிட்டி வந்தது. தோட்டத் தலைவரும் இன்னும் இரண்டு பேரும். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசினார்கள்.

"டீச்சர், ஆத்தாவ ஆட்டோவுல வச்சிருக்கிறது சரியில்ல," என்று தலைவர் ஆரம்பித்தார். "எழவு வீட்டுக்கெல்லாம் வண்டி போகுது. போன கெழம மீனுப் பெட்டி ஏத்தியிருக்காரு."

"அது எங்க வீட்டு அம்மிங்க," என்றேன். "நான் மிளகா அரைச்ச அம்மி."

"எங்களுக்குத் தெரியும் டீச்சர். நாங்க என்ன அம்மி பாக்காதவங்களா?" அவர் குரலில் கோபமே இல்லை. "அப்ப அம்மிதான். இப்ப அப்படியில்லையே."

என் வீட்டுக்காரர், "அத எறக்கினா வண்டி குதிக்குமே," என்றார். அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். ஆனால் வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதிலிருந்து தெரிந்தது.

அந்த மாசக் கடைசியில் பாஸ் சொல்லியனுப்பினார். பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு ஆட்டோவிலிருந்து நல்ல ஜோடி கிடைத்திருந்தது. வண்டியை அட்டனுக்குக் கொண்டுபோக, பாஸே கழற்றிப் பூட்டித் தந்தார். இந்த முறை போல்ட்டுகள் கிரீஸ் பூசியவை என்பதால் அரை மணிநேரத்தில் வேலை முடிந்தது. மறுநாள் கமிட்டி ஆட்கள் மேளத்தோடு வந்து அம்மியை இறக்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கோடியிலிருந்த மரத்தடிக்குக் கொண்டுபோனார்கள். குழவியையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு ஒரு புது அம்மியைக் கொண்டுவந்து கொல்லையில் வைத்தார்கள். அது சரியாகக் கொத்தாத கல். மூன்று மாதம் எங்கள் சம்பலில் மணல் கடிபட்டது.

மேளச் சத்தம் அந்தப் பக்கம் போனதும் அவர் என்னை ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினார். வண்டி குழியில் இறங்கியது, ஏறியது. எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திவிட்டு இறங்கி, பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இன்னொரு குழி தாண்டியதும் மறுபடி இறங்கினார்.

"என்னங்க பாக்குறீங்க?"

"இல்ல, சக்கரம் இருக்கான்னு பாத்தேன்," என்றார். "சத்தமே வரல."

கடைவீதி போய்ச் சேருவதற்குள் நான்கு தடவை இறங்கிப் பார்த்தார்.