ஏனுங்க என்றால் இறங்கும் கோடு

உங்களை யாராவது பேர் சொல்லாமல் கூப்பிட்டால், கூப்பிட்டது உங்களைத்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? குரலை வைத்து என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் இசிஇ படித்தவன், ஹாஸ்டலில் எவனாவது பேய்க்கதை ஆரம்பித்தால் இயர்போனை மாட்டிக்கொண்டு படுத்துவிடுகிற ஆள், ஆகவே கமெண்டில் வந்து என்ன ப்ரோ சரக்கா என்று கேட்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

நானும் நவீனும் பீளமேட்டில் சின்ன ரூம் எடுத்து ஒரு டிவைஸ் செய்துகொண்டிருக்கிறோம். கூன்வண்டு தெரியுமல்லவா, அதன் புழு தென்னைக்குள் புகுந்து தின்னும், வெளியே மரம் ஜம்மென்று நிற்கும், ஒருநாள் சடாரென்று சாயும். அது உள்ளே கடிக்கிற சத்தத்தைக் கேட்பதுதான் எங்கள் டிவைஸ். மரத்தில் அடிக்க ஒரு ஆணி, அதில் சென்சார், பிறகு ஆம்ப், கடைசியில் சத்தத்தை நம்பராக மாற்றுகிற சிப். இதில் என் வேலை ஆட்டோமேட்டிக் கெயின் கன்ட்ரோல், கெயின் என்றால் ஆம்ப் சத்தத்தை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்கிற கணக்கு. ராக்கெட் சயின்ஸ் எல்லாம் இல்லை. சத்தம் சின்னதாக இருந்தால் ஆம்ப் தானாக ஏற்றிக்கொள்ளும், பெரிதாக வந்தால் தானாக இறக்கிக்கொள்ளும், இல்லாவிட்டால் சிப்பில் எல்லாம் நசுங்கிப்போகும். ஆக, கெயின் இறங்கினால் பெரிய சத்தம் ஏதோ வந்திருக்கிறது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் பண்ண கோபி பக்கம் செல்லமுத்து அண்ணன் தோட்டத்துக்குப் போனேன். அவர் மகள் கவிதா பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு வந்திருந்தாள். அவள் படுக்கிற ரூமுக்கு மேலே ஒரு தென்னை சாய்ந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்தில் வண்டு விழுந்திருக்கிறது என்று கேட்டதிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது, வெட்டிவிடலாம் என்கிறார். அவர் வீட்டுக்கார அம்மா மல்லிகா அக்கா, காய்க்கிற மரத்தைத் தொடக்கூடாது என்கிறார்.

"உள்ளுக்குள்ள வண்டு இருக்குதா இல்லீங்களா, அத மட்டும் சொல்லு தம்பி. பாப்பாவ அங்க படுக்க வெக்கறதா வேண்டாமா?"

ஆணியை அடித்து ஹெட்போனை மாட்டினேன். சுத்தம். கடிக்கிற சத்தமே இல்லை, கெயின் உச்சிக்கு ஏறி உஸ்ஸென்று வெறும் இரைச்சல். மரம் பாஸ் என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், லேப்டாப்பில் கெயினைக் காட்டுகிற கோடு தரைக்கு இறங்கியது. யாரோ ஆணியில் வாய் வைத்துப் பேசினால் எப்படி இறங்குமோ அப்படி. ஆனால் காதில் ஒன்றுமில்லை, இருந்த இரைச்சலும் அடங்கிவிட்டது. கோடு மெல்ல ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இறங்கியது.

மோட்டாரை நிறுத்தச் சொன்னேன், செல்போனைத் தூரமாக வைத்தேன், வயரை மாற்றினேன், ஸ்பேர் போர்டு போட்டேன், அதே கதை. நவீனுக்கு ஃபோன் போட்டால், உன் கோடிங்கில் பிழையை வைத்துக்கொண்டு மரத்தைக் குறை சொல்லாதே என்று வைத்துவிட்டான்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கவிதா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் சொன்னாள். "ஏனுங்ணா, அம்மா அப்பாவக் கூப்புடறப்பெல்லாம் இது எறங்குதுங்க."

சிரித்தேன். சமையல்கட்டிலிருந்து அக்கா, "ஏனுங்க, டீ ஆறுதுங்க" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் கோடு இறங்கியது. அது ஏறிய பிறகுதான் அண்ணன் "வாரேன்" என்றார். அவருக்கு முன்னால் வேறு யாரோ பதில் சொல்லிவிட்ட மாதிரி. நம்பினால் நம்புங்கள், அன்று மத்தியானம் முழுக்க ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

சத்தத்தில் வண்டு இல்லை, பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். மனசு வரவில்லை. "பாப்பாவ முன்னாடி ரூம்ல படுக்க வைங்கண்ணா" என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே ஆள் கூட்டிவந்து மரத்தை இறக்கிவிட்டார்.

நான் போய்ப் பார்த்தேன். துண்டு துண்டாகக் கிடந்தது, அடி முதல் நுனி வரை ஒரு ஓட்டை கிடையாது, இரும்பு மாதிரி மரம். "நல்ல மரத்தக் கொன்னுபோட்டீங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.

கடுப்பில், வீட்டை விட்டுத் தள்ளி வாய்க்கால் ஓரத்து மரம் ஒன்றில் ஆணியை அடித்தேன். என்னையும் அண்ணனையும் சாப்பிடச் சொல்லி அக்கா வீட்டிலிருந்தே குரல் கொடுத்தார். "ஏனுங்க." கோடு இறங்கியது. அப்போதுதான் உறைத்தது, விஷயம் அந்த மரத்தில் இல்லை. ஒரு நல்ல மரத்தைச் சும்மா வெட்ட வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவை வாய்க்காலுக்கு வரச் சொன்னேன், பாப்பாவோடு கவிதாவும் கூடவே வந்தாள். அண்ணனை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன்.

"போ சாமி. கண்ணாலம் ஆனதுல இருந்து சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூட இவளத்தான் சொல்லச் சொல்லுவேன்."

"சும்மா சொல்லும்மா, அப்பா ஒண்ணும் தேஞ்சு போயிர மாட்டாரு" என்றாள் கவிதா. அண்ணன் துண்டால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டார். கடைசியில் அக்கா வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு, "செல்லமுத்து" என்றார். உடனே, "ங்க" என்று சேர்த்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தோம். கோடு அசையவில்லை.

இப்போது எப்பவும்போல் கூப்பிடுங்கள் என்றேன். "ஏனுங்க."

இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா பாப்பாவைக் கவிதாவிடமிருந்து வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

பீளமேட்டுக்கு வந்து நவீன் அதே போர்டு முன்னால் விதவிதமாக ஏனுங்க என்று கத்திப் பார்த்தான். அவன் கத்தும்போது இறங்கியது, நிறுத்தினதும் ஏறியது, எந்த போர்டும் செய்வதுதான். பிறகு கோபி ரெக்கார்டிங்கை எடுத்து, கெயின் இறங்கின பள்ளங்களை அளந்தேன். எல்லாம் ஒரே நீளம். அண்ணன் "வாரேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறதோ, அவ்வளவு. இதை இதுவரை நவீனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை, அந்த வீட்டில் கண்டிப்பாகச் சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மல்லிகா அக்கா இப்போது வீட்டுக்காரரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.