சித்தப்பாவின் பனிமலை

எனக்குச் சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் பயம். அஞ்சாவதோடு ஸ்கூலை விட்டு நின்றதற்கும் அந்தப் பயம்தான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். அறுபதுகளின் கடைசியில், நான் மூணாவது படிக்கும்போது, என் பயமெல்லாம் ஒரு மலையைப் பற்றியது. பட்டாளத்தில் இருந்த சித்தப்பாவை வடக்கே பனிமலையில் காவலுக்குப் போட்டிருந்தார்கள்.

லீவில் வந்தபோது அவர் சொல்லியிருந்தார்: அடிவாரத்தில் காடு, அதற்கு மேலே ஆடு மேயும் புல்வெளி, அதையும் தாண்டினால் ஒரு மரம்கூட முளைக்காதாம், பாறையும் பனியும்தானாம். விருத்தாசலம் வெயிலில் உட்கார்ந்துகொண்டு இதை யாரால் நம்ப முடியும்?

அவர் திரும்பிப் போனதும், செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்த அப்பா கொண்டுவந்த வெள்ளைக் களிமண்ணில், கிணற்றடியில் அந்த மலையைச் செய்தேன். அடியில் அறுகம்புல் நட்டேன். கைப்பிடி உடைந்த பொம்மைக் கப்பு ஒன்றை உச்சியில் கவிழ்த்தேன். அதுதான் சித்தப்பாவின் கூடாரம். மழை வந்தால் கரைந்துவிடுமே என்று சாயங்காலமானால் கூடை போட்டு மூடிவிடுவேன்.

காலையில் பார்த்தால் கப்பு புல்லில் கிடக்கும்.

“ஐயோ சித்தி, சித்தப்பா சறுக்கிட்டாரு!”

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சித்தி பாத்திரம் தேய்த்துக்கொண்டே சிரிப்பார். “ஆடு மேய்க்க எறங்கியிருப்பாருடி. வுடு, அங்கயே இருக்கட்டும்.”

“காவலுக்குப் போனவரு ஆடு மேய்ப்பாரா? ஆபீசரு திட்டமாட்டாரா?” என்று நான் திரும்ப உச்சிக்கு ஏற்றுவேன். மறுநாளும் கீழேதான் கிடக்கும். களிமண் காய்ந்து வழுக்குகிறதாக்கும் என்று உச்சியில் குழி பறித்து அழுத்தி வைத்தேன். அப்போதும் இறங்கியிருந்தது.

ஐப்பசியில் தந்தி வந்தது. பனி சரிந்து கூடாரத்தோடு மூடிவிட்டதாம். உடம்பு கிடைக்கவில்லை. வாசலில் பெண்கள் அழுதுகொண்டிருக்க, நான் கிணற்றடிக்கு ஓடினேன். அங்கே சித்தி தனியாக மலை முன்னால் உட்கார்ந்திருந்தார். கப்பு அவர் கையில் இருந்தது.

“இன்னிக்கும் சறுக்கிடுச்சா சித்தி?”

“அது ஒருநாளும் சறுக்கலடி. நாந்தான் தெனமும் எறக்கி வெச்சேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உச்சியில இருந்தாத்தான சித்தப்பாவுக்குப் பெருமை? ஏன் எறக்கினீங்க?”

சித்தி கப்பைப் புல்லின்மேல் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில் எதற்காக இப்படிப் பொத்துகிறார் என்று புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.