பதினொரு குங்குமப் புள்ளிகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. லவண்டர் நிலையத்தில் எம்ஆர்டி ரயில் ஏறி, புக்கிட் பாத்தோக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் என் மனைவி எதிரே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் அவளோடு பேசாமல் இருந்ததுதான் காரணம். ஏன் பேசவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

எனக்குத் தஞ்சோங் பகாரில் உட்கார்ந்தே செய்யும் வேலை. சர்க்கரை எட்டிப் பார்த்ததும் மருத்துவர், "ஏதாவது விளையாடுங்க சார்" என்றார். வீட்டருகே சமூக மன்றத்தில் சிலம்ப வகுப்பு நடந்தது, சேர்ந்துவிட்டேன். தண்ணீர் பாட்டில் பிடிக்கத் துணைக்கு வந்தவள்தான் என் மனைவி. இரண்டாவது வாரம், "சும்மா ஒரு தடவை சுத்திப் பாக்கட்டுமாங்க?" என்று கேட்டாள். அத்தோடு அவளும் சேர்ந்தாள். அவரவர் நெற்றி உயரத்துக்குத்தான் கம்பு கொடுப்பார்கள். அவளுக்குக் கிடைத்தது என்னுடையதைவிட ஒரு சாண் குறைவு. அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வேறு.

அன்றைக்கு ஜாலான் புசார் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் வகுப்புக்குள்ளேயே நட்புப் போட்டி. எல்லாரும் வெள்ளை உடை. கம்பு நுனியில் குங்குமத்தைக் குழைத்துத் தடவிவிடுவார்கள். யார் உடம்பில் புள்ளி அதிகமோ அவர் தோற்றவர். ஆட்டம் முடிந்ததும் இருவரும் தரையைத் தொட்டு, எதிராளிக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் களத்தை விட்டு வெளியேற வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் அது முறை.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு எதிராக வந்தது என் மனைவி! மண்டபமே கைதட்டியது. நான் பெருந்தன்மையோடு அவள் காதில், "பயப்படாத, மெதுவாத்தான் அடிப்பேன்" என்றேன். "சரிங்க" என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு மனமில்லை. ஒரு வீச்சுக்கு நான் குனிந்தால் அடுத்தது முதுகில். முதுகைக் காப்பாற்றினால் தொடையில். கடைசிப் புள்ளியை என் நெற்றி நடுவில், பொட்டு வைப்பதுபோல் மெல்லத் தொட்டு வைத்தாள். மொத்தம் பதினொன்று. அவள் சட்டையில் ஒன்று.

வாத்தியார் அவள் கையைத் தூக்கியபோது எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவள் தரையைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தாள். எதிரே நான் இல்லை. கழிவறைக்குப் போகிறவன் மாதிரி நடையைக் கட்டிவிட்டேன். வாசலில் திரும்பிப் பார்த்தேன். கூப்பிய கையோடு அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மாற்று உடை எடுத்துப் போயிருந்தேன். கோபத்தில் அதைக்கூட மாற்றவில்லை. நெற்றியை மட்டும் தேய்த்தேன், அது பரவி இன்னும் மோசமானது. அந்தக் கோலத்தில்தான் ரயிலில் உட்கார்ந்திருந்தேன்.

பூகிஸில் நம் தமிழ் அம்மா ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். கையில் தேக்கா சந்தைப் பை, அதிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்த்தது. என் சட்டையைப் பார்த்தார். எதிரே என் மனைவியின் தோளில் சாய்ந்தபடி துணி உறைக்குள் இரண்டு கம்புகள். அவற்றில் ஒன்றின் சிவந்த நுனி வெளியே தெரிந்தது. அதையும் பார்த்தார். தஞ்சோங் பகாரில் கதவு திறந்தபோது, அலுவலக ஆள் யாராவது ஏறிவிடப் போகிறார்களே என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே வினையாகிவிட்டது.

"தம்பி, ரொம்ப வலிக்குதா?"

"இல்லம்மா."

"எதிர்ல இருக்கிறது உன் வீட்டுக்காரம்மாவா? அவங்கதான் அடிச்சாங்களா?"

"ஆமா, ஆனா..."

'ஆனா'வுக்கு அவர் காத்திருக்கவில்லை. என் கையில் தைலப் புட்டியைத் திணித்தார். "ஆம்பளைன்னு வெக்கப்படாத லா. இதுக்கெல்லாம் ஹாட்லைன் இருக்கு. நான் கால் பண்ணவா?" என்றபடி கைப்பேசியை எடுத்தார். அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பி, "ஏம்மா, பார்த்தா படிச்ச பொண்ணு மாதிரி இருக்க. வீட்டுக்காரரை இப்படியா போட்டு அடிப்ப?" என்றார்.

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் என் மனைவியைப் பார்த்தார்கள். தமிழ் புரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தையில் அவள் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மதியத்திலிருந்து சொல்ல மனமில்லாமல் வாயில் வைத்து மென்றுகொண்டிருந்தேன். நான் சொல்லாவிட்டால், ஜெயித்த அன்றே அவளுக்கு ஊர் பார்க்க இப்படி ஒரு பெயர். எழுந்து நின்றேன்.

"அம்மா, இது ரத்தம் இல்ல, குங்குமம். சிலம்பப் போட்டி. என் மனைவிகிட்ட நான் தோத்துட்டேன்."

அவர் நம்பவில்லை. என் சட்டையை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"அட, ஆமா லா! எத்தனை?"

"பதினொன்னு."

"நீ அவங்களை?"

"ஒன்னு."

"அதுவும் அவர் போட்டதில்லம்மா. என் கம்புல இருந்து தெறிச்சது" என்றாள் என் மனைவி. அன்று மாலை ரயிலில் அவள் வாய் திறந்தது அது இரண்டாவது தடவை.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பையிலிருந்த முருங்கைக்காய் கீழே விழுந்தது. எடுத்து என் மனைவியிடமே நீட்டினார். "ஜெயிச்ச பொண்ணுக்கு. தம்பி, நீ சாம்பார் வெச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிப் போனார். தைலப் புட்டியை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்.

ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாற இறங்கினோம். நடைமேடையில் கூட்டம் அலைமோதியது. அங்கேயே குனிந்து தரையைத் தொட்டேன். நிமிர்ந்து என் மனைவிக்கு இரண்டு கையும் கூப்பி வணக்கம் வைத்தேன். கம்புகளையும் முருங்கைக்காயையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, அவளும் கை கூப்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

சாம்பாரில் அன்று உப்பு கொஞ்சம் தூக்கல். அவள் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தத் தைலப் புட்டி இன்றும் என் கம்பு உறையில் இருக்கிறது. இந்த மூன்று வருடத்தில் அவளிடம் எத்தனையோ தடவை தோற்றுவிட்டேன், ஆனால் வணக்கம் வைக்காமல் ஒரு தடவைகூடக் களத்தை விட்டு வெளியே வந்ததில்லை.