செயின் இல்லாத மொபெட்

மொபெட் என்பதே ஒட்டுப்போட்ட பெயர். மோட்டாரில் பாதி, பெடலில் பாதி. ஐரோப்பாவில் யாரோ ஒட்டியதை ஆங்கிலம் எடுத்துக்கொள்ள, அது எண்பதுகளில் ராஜபாளையம் தெருக்கள்வரை வந்துவிட்டது. பள்ளியில் ஆங்கிலம் நடத்திய எனக்கு இது தெரியும். என் தம்பிக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? வண்டி வாங்கிய கையோடு பெடல் செயினைக் கழற்றச் சொல்லிவிட்டான். அன்றைக்கு எங்கள் ஊர் இளவட்டங்கள் பலருக்கும் இதே கிறுக்குதான்.

“ஏலே, பேருலயே பெடல் இருக்கு. அதை எதுக்குக் கழட்டுன?”

“மிதிச்சா சைக்கிள்காரன்னு நெனப்பாவக்கா. இப்பப் பாரு, பைக்கு மாதிரி இருக்குல்லா?”

தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் என் வழக்கு. பிரிந்துபோன கணவர் எங்கள் மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டார். அவளை என்னிடம் விடச் சொல்லி மனுப் போட்டிருந்தேன். போன வாய்தாவுக்குக் காய்ச்சலில் போக முடியவில்லை. இந்தத் தடவையும் ஆள் இல்லையென்றால் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பஸ்ஸைக் காணோம். வேறு வழியில்லாமல் தம்பி வண்டியில் ஏறினேன்.

ஆண்டாள் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. மிதித்தே போய்ச் சேர்ந்துவிடலாம், செயின் இருந்தால். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட, நான் பின்னால் ஓடினேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை நடுரோட்டிலேயே அறைந்திருப்பேன், அதற்கும் நேரமில்லை. என் பிள்ளை கைவிட்டுப் போய்விடுமே!

பால்கோவா கடைக்குப் பால் கொண்டுபோகிறவர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி என்னவென்று கேட்டார். சொன்னேன். மறுபேச்சில்லாமல் கேன்களை இறக்கிவைத்தார்.

“சைக்கிள எடுத்துட்டுப் போங்கம்மா. கடைக்குச் செத்த நேரம் பொறுத்துப் போய்க்கிடுதேன்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தேன். யார் பார்க்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

கோர்ட் படியேறும்போது டவாலி என் பெயரை மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்குமேல் கூப்பிட மாட்டார்கள். “வந்துட்டேன்!” என்று கத்தினேன். மனு பிழைத்தது, விசாரணையை மதியத்துக்கு வைத்தார்கள்.

கணவர் கூட்டிவந்து வராந்தா பெஞ்சில் உட்காரவைத்திருந்த மகள் ஓடிவந்தாள். எனக்கு இன்னும் மூச்சிரைத்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீ வரமாட்டேன்னு அப்பா சொன்னாவ. போன தடவையும் அதான் சொன்னாவ.”